ஒரே அளவுல ஆறு எலுமிச்சை

இதுவா பாய் ஒரே அளவு? நல்லா பாருங்க. இது கோலிக்குண்டு. இது சாத்துக்குடிக்குச் சொந்தக்காரன். நான் கேட்டது ஆறு, ஆறும் ஒண்ணு போல. பெருசா வேணும்னு சொல்லல, மஞ்சளா வேணும்னுகூடச் சொல்லல. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நேத்து ஆயுத பூஜைக்கு இங்க மலை மாதிரி குமிச்சு வச்சிருந்தீங்க, நான்தான் பாத்தேனே. இன்னிக்கு வந்து கேட்டா ஸ்ரீரங்கமே பொறுக்கிட்டுப் போன மிச்சத்தைக் காட்டறீங்க.

சரி, நீங்க என்ன பண்ணுவீங்க. பூஜைக்கு மறுநாள் யாரு எலுமிச்சை கேட்டு வரா? நான் ஒருத்திதான் வந்திருப்பேன்.

அந்தத் தராசைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. ஒவ்வொண்ணா வச்சுப் பாத்துடலாம். எலுமிச்சையை எண்ணித்தான் விப்பீங்க, எடை போட மாட்டீங்க, தெரியும். விலைக்கு எண்ணிக்கோங்க. எடை எனக்கு. ம்... இது நாப்பத்தொண்ணு. இது முப்பத்தாறு, இதைத் தூரப் போடுங்க. இது நாப்பத்தஞ்சா? கையை எடுங்க பாய், உங்க விரலும் சேந்து காட்டுது.

நான் இப்படிப் பேசற ஆளே இல்ல. உங்களுக்கே தெரியும். எத்தனை வருஷமா உங்ககிட்ட வாங்கறேன். தக்காளி என்ன விலை, சரி போடுங்க, அதுக்கு மேல என் வாயில இருந்து என்னிக்காவது வந்திருக்கா? நாலு பேரு நிக்கற இடத்துல எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கும். கல்யாண வீட்டுல போட்டோவுக்குக் கூப்பிட்டாலே தூணுக்குப் பின்னாடி போயிடுவேன். ஆனா இன்னிக்கு மண்டைக்குள்ள என்னமோ கிர்ருனு சுத்துது பாய். சிரிப்பா வருது, பயமா வருது, ரெண்டும் சேந்து வருது. யார்கிட்டயாவது சொன்னாத்தான்... சரி, அது அப்புறம்.

இருங்க, போன் அடிக்குது. அருள்ராஜ்தான். எடுக்க மாட்டேன்ப்பா நான். இதை இந்தப் பக்கம் தள்ளணும்... ம், போச்சு. பொண்ணு வாங்கிக் குடுத்த புது போன் இது. பழசுல பட்டன் இருந்துச்சு, அமுக்கினா அடங்கும். இதுல சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், தடவிக் குடுக்கணும், பூனைக்குட்டியைத் தடவற மாதிரி.

அருள்ராஜ் யாருன்னு கேக்கறீங்களா? எங்க மாடில குடியிருக்காரே, ஜெராக்ஸ் கடைக்காரர். மாடி ஹாலையும் சேத்துக் குடுங்கம்மான்னு கேட்டாரு. பேப்பர் அடுக்கத்தான் கேக்கறாருன்னு குடுத்தேன். ஒருநாள் பலகை ஏத்தறாங்க, ஏத்தறாங்க, ஏத்திக்கிட்டே இருக்காங்க. மேல போய்ப் பாத்தா ஹால் நிறைய ஒரே மேசை. மேசை மேல ரோடு. வளைஞ்சு நெளிஞ்சு, ஒரு இடத்துல பாலம்கூட. சின்ன சின்ன கார் ஓட்டி ரேஸ் விடறாங்களாம்.

காரு எவ்வளவு பெருசுன்னா... இந்தக் கத்தரிக்காய்க்கு நாலு சக்கரம் வச்சா எப்படி இருக்கும், அவ்வளவுதான். ரோட்டுல நீளமா ஒரு குழி ஓடும், நகம் போற அகலம். காருக்கு அடியில ஒரு நாக்கு. நாக்கைக் குழிக்குள்ள விட்டுட்டா கரண்ட்ல ஓடும். கையில ஒரு விசை வச்சிருப்பாங்க. அமுக்கினா பறக்கும், விட்டா நிக்கும். வளைவுலயும் அமுக்கினா நாக்கு கழண்டு வண்டி எகிறி விழும். அவ்வளவுதான் விளையாட்டு.

சின்னப் பசங்க விளையாட்டுன்னு நினைக்காதீங்க. ஓட்டறது பூரா நரைச்ச தலை. தில்லை நகர் பல் டாக்டர் மாதவன், அவர் கிளினிக்ல டோக்கன் வாங்கிட்டு ஜனங்க தாடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா அவரு எங்க மாடில குனிஞ்சு நின்னு கத்தரிக்காய்க்குச் சக்கரம் மாட்டிக்கிட்டு இருப்பாரு. மன்னார்புரத்துல இருந்து கிளமென்ட் சார். காலேஜ்ல லேப்ல வேலை பாத்து ரிடையர் ஆனவர். ஒண்ணாம் நம்பர் பஸ்ல, டிபன் பாக்ஸுக்குள்ள காரை வச்சு, பாக்ஸை மடியில வச்சு, சாம்பார் கொட்டிடும்ங்கற மாதிரி பிடிச்சுக்கிட்டே வருவாரு. அப்புறம் அருள்ராஜ். இன்னும் மூணு பேரு இருக்காங்க, அவங்க கதை வேண்டாம், அவங்க ஓட்டறதும் ஓட்டாததும் ஒண்ணுதான். ஆக மொத்தம் ஆறு வண்டி. அதான் ஆறு எலுமிச்சை.

இது நாப்பத்தொண்ணு. ஆங், இதை எடுத்து வைங்க. இதுக்கு ஜோடி கிடைச்சிருச்சு.

இதுல நான் எப்படி மாட்டினேன்னு கேளுங்க. மேல ஒரே சண்டை பாய். என் வண்டியை இடிச்சுட்ட, என் வண்டியை லேட்டா எடுத்து வச்ச, இது செல்லாது, அது செல்லாது. அருள்ராஜ்தான் தலைவரு, ஆனா அவரும் ஓட்டறாரு. ஓட்டற ஆளே தீர்ப்பும் சொன்னா யாரு ஒத்துக்குவா? இப்படி இருக்கறப்ப ஒருநாள் நான் டீ எடுத்துட்டுப் போறேன். ஹால் பூரா தலைவலித் தைலம் வாசனை. யாரோ டயர்ல தைலத்தைத் தடவியிருக்காங்க. தடவினா ரப்பர் இளகி ரோட்டை நல்லாப் பிடிக்குமாம், வளைவுல எகிறாதாம். யாரு தடவினதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. எல்லாரும் எல்லாரையும் முறைக்கறாங்க. நான் டீத்தட்டைக் கீழ வச்சேன். ஒவ்வொரு வண்டியா எடுத்து மோந்து பாத்தேன். நாலாவது வண்டியை அப்படியே அதை ஓட்டறவர் கையில குடுத்துட்டு, டம்ளரை எடுத்துக்கிட்டு இறங்கி வந்துட்டேன். வாயே திறக்கல.

அதுல இருந்து பிடிச்சுக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சொல்வாரு, பவுனு, உன் மூக்குக்குத் தனியா ஒரு ரேஷன் கார்டு வாங்கணும்னு. அடுத்த வீட்டுல பால் பொங்கறது, தெருக்கோடில முருங்கைக்கீரை ஆயறது, எல்லாம் இங்க தெரிஞ்சிடும் எனக்கு. அஞ்சாங்கிளாஸோட நிறுத்தினவ நான். எனக்கு வண்டி இல்ல, லைசென்ஸ் இல்ல, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அதான் நீங்கதான் சரியான ஆளுன்னுட்டாங்க. தகுதியைப் பாருங்க.

ஆனா ஒண்ணு, ஒத்துக்கிட்டா ஒழுங்காப் பண்ணணும். ஒரு தடவை அருள்ராஜ் வண்டி கடைசி வளைவுல எகிறிச்சு. பறந்துச்சு. பறந்து போய் முடியற கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. என் வண்டிதான் முதல்ல தாண்டிச்சுங்கறாரு. தாண்டினது என்னவோ வாஸ்தவம்தான். எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. நான் டீத்தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னேன், "நாக்கு குழிக்குள்ள இருக்கற வரைக்கும்தான் அது வண்டி. மேல போயிட்டா காக்கா. காக்காவுக்குக் கப்பு கிடையாது." அதை அப்படியே பேப்பர்ல அடிச்சு சுவத்துல ஒட்டிட்டாரு அருள்ராஜ். தோத்தவரே ஒட்டறாரு. அதான் பாய் அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது.

தைலத்துக்கும் ரூல் போட்டேன். டயர்ல எது வாசனை அடிச்சாலும் அந்த வண்டி அன்னிக்கு வெளிய. யாரு தடவினா, எதுக்குத் தடவினாங்கற கேள்வியே இல்ல. வாசனை இருக்கா, வெளிய. ஏன் அப்படிப் போட்டேன்னா, காரணம் கேக்க ஆரம்பிச்சா ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. மூக்குக்குக் காரணம் தெரியாது. சரிதானே? நல்ல ரூல்னு நானே மெச்சிக்கிட்டேன்.

இந்தப் பச்சைக் காய் எவ்வளவு காட்டுது? நாப்பது. ஒரு கிராம்தானே, போகட்டுமா? வேண்டாம். வேண்டாம் பாய். ஒரு கிராம்ல விட்டா ரெண்டு கிராம்ல நிக்கும். அடியில தேடுங்க.

ஆடி மாசம் ஒரு ரேஸ் நடந்துச்சு. டாக்டர்தான் முதல்ல வந்தாரு. முடிஞ்சதும் வண்டியை மோந்து பாக்கறேன், கிராம்பு. கிராம்புத் தைலம். கிளினிக்ல சொத்தைப் பல்லுக்கு வைப்பாங்களே, அது. டாக்டர் சொல்றாரு, நான் தடவலம்மா, காலைல ஒரு பேஷன்ட்டைப் பாத்துட்டு நேரா வந்தேன், கைல இருந்து ஒட்டியிருக்கும்ங்கறாரு. இருக்கலாம். பொய் சொல்ற ஆளு இல்ல அவரு. ஆனா ரூல் என்ன? வெளிய. கிளமென்ட் சார் ரெண்டாவது வந்திருந்தாரு, அவருக்கு அந்த ரேஸைக் குடுத்தேன். டாக்டர் வண்டியைப் பெட்டில வச்சாரு. அதோட விடல, அடுத்த ஆட்டத்துக்கு வளைவுல நின்னு, எகிறி விழற வண்டியை எல்லாம் எடுத்து எடுத்துக் குழில வச்சாரு. கிளமென்ட் வண்டி விழுந்தப்ப ஓடிப் போய் எடுத்து வச்சாரு. அப்பவே எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு. ஆனா தீர்ப்பு தீர்ப்புதானே.

இப்ப இன்னிக்குக் கதைக்கு வரேன். இன்னிக்குத்தான் இந்த வருஷத்துக் கடைசி ரேஸ். நல்லாக் கேட்டுக்கோங்க. இதுல கிளமென்ட் சார் ஜெயிச்சா கப்பு அவருக்கு. இல்லன்னா டாக்டருக்கு. டாக்டர் வீட்டுல ஏற்கெனவே கப்பு வரிசையா நிக்குது. கிளமென்ட் சார் இத்தனை வருஷமா ஓட்டறாரு, ஒண்ணுகூட இல்ல. ரெண்டாவது, ரெண்டாவது, ரெண்டாவது. மனுஷன் ரெண்டாவதுக்கே பொறந்த மாதிரி.

இன்னிக்கு ஜெயிச்சாரு பாய். என்ன ஓட்டு ஓட்டினாரு தெரியுமா. பாலத்து வளைவுல எல்லா வண்டியும் எகிறுது, அவர் வண்டி மட்டும் சுவத்துப் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுப் போகுது. கோட்டைத் தாண்டினதும் அவரு கத்தல, குதிக்கல. டிபன் பாக்ஸைத் திறந்து, மூடி, திறந்து, மூடி... அப்படியே பண்ணிக்கிட்டு நிக்கறாரு.

அப்பத்தான் டாக்டர் கை குடுக்கப் போனவரு அந்த வண்டியைக் கையில எடுத்தாரு. எடுத்தவரு நின்னுட்டாரு. மூக்குக்கிட்ட கொண்டு போனாரு. என்னைப் பாத்தாரு. "அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னாரு.

எலுமிச்சை.

டயர் சூடாயிருந்துச்சா, வாசனை குப்புனு ஏறுது. எலுமிச்சைச் சாறு காஞ்சா எப்படிப் பிசுபிசுன்னு பிடிக்கும், உங்களுக்குத் தெரியாததா? ஜூஸ் கடை வாசல்ல செருப்பைப் பிடிச்சு இழுக்குமே. கிளமென்ட் சாருக்கு மூஞ்சி வெளிறிடுச்சு. நான் தடவலங்கறாரு. டாக்டர் சொல்றாரு, நானும் ஆடில அதைத்தான் சார் சொன்னேன். கிளமென்ட் சாருக்கு வந்துச்சே கோவம். என்னை வெளிய தள்ளணும்னு யாரோ வேணும்னு வச்சிருக்காங்கன்னுட்டாரு. யாரோன்னா யாரு? டாக்டரைப் பாத்துக்கிட்டே சொல்றாரு. டாக்டர் விருட்டுனு திரும்பிட்டாரு. இனிமே ஸ்ரீரங்கம் பக்கமே வர மாட்டேன்னு கிளமென்ட் சார் டிபன் பாக்ஸைத் தூக்கறாரு. வாராவாரம் ஒண்ணா டீ குடிச்ச மனுஷங்க பாய். ஒருத்தர் பஸ்ஸுல வராரேன்னு இன்னொருத்தர் கார்ல கொண்டு போய் விடுவாரு.

எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. அம்மா தீர்ப்பு சொல்லுங்கங்கறாங்க. எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. யாரும் எதையும் தொடக்கூடாதுன்னு கையைக் காமிச்சேன், வெளிய வந்தேன், கதவைப் பூட்டினேன், கிளம்பிட்டேன்.

ஏன் இப்படி முழிக்கிறீங்க? ஆமா, ஆளுங்க உள்ளதான் இருக்காங்க. வண்டியும் உள்ள, ஆளும் உள்ள, சாவி என் இடுப்புல. ஆளை வெளிய விட்டா நான் இல்லாதப்ப வண்டி எங்க இருந்துச்சுன்னு அடுத்த சண்டை வரும். எல்லாருக்கும் சமமாப் பூட்டியிருக்கு. பால்கனி இருக்கு, காத்து வரும். நேத்துப் பொரி கடலை ஒரு அண்டா இருக்கு.

பாருங்க, மறுபடி அடிக்கறாரு. விடமாட்டாரு போல. இதை... இப்படி... ம். அழுத்தமாத் தள்ளணும். பாத்தீங்களா, கப்புனு அடங்கிடுச்சு. இந்தத் தக்காளி மேல வைக்கறேன், எடையில சேத்துடாதீங்க.

என்ன? தக்காளி வேண்டாம் பாய், வீட்டுல கிடக்கு.

நீங்க கேப்பீங்க, ஏம்மா, டயரைக் கழுவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னா என்னன்னு. கழுவினா போகுமா? ரப்பர் குடிச்சிடுச்சே. போச்சுன்னு நான் சொல்வேன், போகலன்னு டாக்டர் மனசு சொல்லும். ரூல்படி கிளமென்ட் வண்டியை வெளிய போடறேன்னு வைங்க, கப்பு டாக்டருக்கு. சரி, பாவம், அவரு தடவல, மன்னிச்சு விடறேன்னு வைங்க. அப்ப ஆடில டாக்டர் அதையேதானே சொன்னாரு, அவரை ஏன் வெளிய போட்டேன்? அவரையும் மன்னிக்கணும். ஆடி ரேஸை அவருக்குத் திருப்பிக் குடுக்கணும். குடுத்தா, கூட்டிப் பாத்தேன், கப்பு டாக்டருக்குத்தான். எந்தப் பக்கம் கூட்டினாலும் கிளமென்ட் சார் ரெண்டாவது. அந்த மூணு பேரைக் கூட்டவே இல்ல, அவங்க ஓட்டறதும் ஓட்டாததும் ஒண்ணுதானே. வழி பூரா கூட்டிக்கிட்டே வந்தேன் பாய், அம்மா மண்டபம் ரோட்டுல ஒரு ஆட்டோ என்னைத் திட்டிட்டுப் போச்சு.

என்ன கையைக் காட்டறீங்க? ஓரமா நிக்கணுமா? யாரும் இல்லையே பின்னாடி. சரி, நின்னுட்டேன்.

அப்புறம்தான் பொறி தட்டிச்சு. வாசனை இருக்கறது தப்பு இல்ல, ஒருத்தருக்கு மட்டும் இருக்கறதுதானே தப்பு? அப்ப எல்லாருக்கும் இருந்துட்டா? இங்க பாருங்க, கூடையில. நாட்டு மருந்துக் கடைல வாங்கினேன். கிராம்புத் தைலம். ஆடி ரேஸை மறுபடி ஓட்டப் போறோம். ஆறு வண்டிக்கும் கிராம்பு, வண்டிக்கு இத்தனை சொட்டுன்னு நானே விடுவேன். அது முடிஞ்சதும் இன்னிக்கு ரேஸை மறுபடி ஓட்டப் போறோம். ஆறு வண்டிக்கும் எலுமிச்சை. அதான் ஒரே அளவு. ஒருத்தருக்கு ஒரு சொட்டு சாறு கூடப் போயிட்டா அதுக்கு யாரு பதில் சொல்றது?

எப்படி? சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் வருது. கொஞ்ச நேரத்துல எங்க மாடி ஹால் பல்லாஸ்பத்திரி பாதி, ஊறுகாய்க் கடை பாதி ஆகப் போகுது.

மறுபடியும் தக்காளியையே காட்டறீங்க. வேண்டாம்னேனே. விக்கலன்னா நான் என்ன பண்ணட்டும்?

இப்ப... ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொல்லாதீங்கன்னா, நான்தான் போய்ச் சொல்லணும், அதுக்கு முன்னாடி நீங்க சொல்லாதீங்க. இதைச் சொல்லிப் பாக்கத்தான் உங்ககிட்ட வந்து இவ்வளவு நேரம் நிக்கறேன். எலுமிச்சை கோயில் வாசல்லயே இருந்துச்சு. உங்ககிட்ட ஒரு தடவை வாயைத் திறந்துட்டா அங்க போய்த் தானா வரும்னு பாத்தேன்.

அந்த எலுமிச்சை நான் வச்சது.

அப்பாடா. சொல்லிட்டேன். காது சூடாயிடுச்சு பாருங்க.

முந்தாநாள் பிராக்டிஸ் முடிஞ்சு, பஸ்ஸுல பூஜைக் கூட்டம், நெரிச்சிடும்னு கிளமென்ட் சார் டிபன் பாக்ஸை என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. பத்திரமா வச்சிருங்கக்கான்னாரு. நேத்து நான் கிரைண்டருக்குப் பொட்டு வச்சேன், மிக்ஸிக்கு வச்சேன், அரிவாள்மணைக்கு வச்சேன், எங்க வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸுக்கு எலுமிச்சை வச்சு நசுக்கினேன். எல்லாம் ஆச்சு. திரும்பினா இந்த டிபன் பாக்ஸ். அதுவும் வண்டிதானே? மத்தவங்க எல்லாம் அவங்கவங்க வண்டியை வீட்டுக்குக் கொண்டு போய்ப் பொட்டு வச்சிருப்பாங்க. இவங்க வீட்டுல இந்தப் பூஜை கிடையாது. நம்ம வீட்டுல ஒரு வண்டி இருந்து, அதுக்கு மட்டும் ஒண்ணும் இல்லாம விட்டா மனசு கேக்குமா?

யோசிக்காமப் பண்ணல பாய். சந்தனம் வச்சா எடை கூடும், வைக்கல. குங்குமம் வச்சா அவரு ஏதாவது நினைச்சுக்குவாரோன்னு வைக்கல. வண்டியே எலுமிச்சை சைஸு, அது எங்க ஏறி நசுக்கறது? நாலா அரிஞ்சு சக்கரத்துக்கு ஒண்ணு வச்சு, ஒரு தள்ளு தள்ளினேன். துணியால துடைச்சேன். பாக்ஸ்ல வச்சேன். எடையைப் பத்தி யோசிச்சவளுக்கு வாசனையைப் பத்தித் தோணல பாருங்க. ரூலைப் போட்டவளே நான். காலைல ரேஸுக்கு முன்னாடி ஆறு வண்டியையும் மோந்தேன். எலுமிச்சை அடிச்சுது. என் கைதான்னு நினைச்சேன். ஊரெல்லாம் மோந்து பாக்கற மூக்குக்குத் தன் கை எது, வண்டி எதுன்னு தெரியல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், சொன்னதோட சொன்னதா. எனக்குக் கிளமென்ட் சார் ஜெயிக்கணும்னு ஆசை. இருக்கக்கூடாது, நடுவுல நிக்கறவளுக்கு. ஆனா இருக்கு. நேத்து வண்டியைத் தள்ளினப்ப வேண்டிக்கிட்டேன்கூட. அது ரூல்ல வராது. வேண்டுதலுக்கு வாசனை கிடையாது. ஆனா ஆடில டாக்டரை அவ்வளவு கறாரா வெளிய போட்டது ரூலுக்காகவா, இந்த ஆசைக்காகவான்னு இன்னிக்குத்தான் எனக்கே ஒரு சந்தேகம் வந்துச்சு. அதான் கிராம்பும் வாங்கினேன்.

இதை எல்லாம் அவங்க ஆறு பேரு முன்னாடி நான் எப்படிச் சொல்லப் போறேன்? சொல்லலன்னா அந்த மனுஷன் டாக்டரைத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பாரு. மன்னார்புரம் போனவரு திரும்பி வரமாட்டாரு. சொல்லித்தான் ஆகணும். ஆனா மாடிப்படி ஏறறதுக்குள்ள வாய் பூட்டிக்கும் எனக்கு. நீங்க வேணா கூட வரீங்களா பாய்? வந்து பேசாம நில்லுங்க போதும், இப்ப நிக்கற மாதிரியே. நீங்க நின்னா எனக்குப் பேச்சு வருது.

பாய்? எங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? தோளு ஏன் குலுங்குது?

எங்கயோ கொசு கத்தற மாதிரி இல்ல? தக்காளிக்குள்ள இருந்து...

ஐயோ. போன்ல வெளிச்சம் ஓடுது. இது ஏன் ஓடிக்கிட்டே இருக்கு? அடங்கிடுச்சே அப்பவே, நான் தள்ளினேனே... பச்சைப் பக்கமா தள்ளிட்டேன்?

இதைத்தான் காட்டிக்கிட்டு இருந்தீங்களா? தக்காளின்னு நினைச்சேனே. வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? ஆமா, நான் எங்க விட்டேன்.

ஹலோ. ஆங், நான்தான். அருள்ராஜா? ... ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? எப்ப இருந்து? ... சரி. ... சரி. ஆமாங்க, பாத்ரூம் பூட்டின கதவுக்கு வெளியதான் இருக்கு, மறந்தே போச்சு, இதோ வந்துட்டேன். ... அந்த மூணு பேரும் கோச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க, ஓட்டறதும் ஓட்டாததும் ஒண்ணுன்னு சும்மா பேச்சுக்குச் சொன்னது. ... யாரு, கிளமென்ட் சாரா? குடுங்க. ... ம். ... ம். ... சரிங்க சார். ஆமா, எடை கூடும்னுதான் வைக்கல. ... டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா? கை குடுத்தாச்சா? ... நல்லது. நல்லது. இல்ல, அழல, வெங்காயக் கூடை பக்கத்துல நிக்கறேன்.

டாக்டர் பேசறாரு, இருங்க பாய். ... என் ஆசை முதல்லயே தெரியுமா? எல்லாருக்குமா? ... அப்படியா. ... சரி, சொல்லுங்க. ... ம். ... அதுவா. ... நியாயம்தான். இல்லைங்க, நான் என்ன சொல்றது, நியாயமாத்தான் இருக்கு. வச்சிடறேன். இது எந்தப் பக்கம்? சிவப்பு. ம்.

ரெண்டு ரேஸும் மறுபடி ஓட்ட ஒத்துக்கிட்டாங்க பாய். கிராம்பும் சரி, எலுமிச்சையும் சரி. ஆனா டாக்டரும் கிளமென்ட் சாரும் சேந்து ஒரு புது ரூல் போட்டிருக்காங்க. சேந்துன்னு சொன்னேனே, கவனிச்சீங்களா? இனிமே ரேஸுக்கு முன்னாடி நான் வண்டியை மோந்து பாக்கறதுக்கு முதல்ல, அவங்க ஆறு பேரும் என் கையை மோந்து பாப்பாங்களாம். வாசனை இருந்தா அன்னிக்கு நான் வெளிய. யாரு வச்சா, எதுக்கு வச்சாங்கற கேள்வியே இல்லையாம். இன்னிக்கே அமல்ங்கறாங்க.

கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, கையைக் கழுவிடறேன். இன்னும் கொஞ்சம். ம்... போகல. இருங்க, இன்னொரு தடவை.

அந்த நாப்பத்தொண்ணு எல்லாம் இங்கதான் இருக்கு, அஞ்சு சேந்திடுச்சு, ஒண்ணுதான் பாக்கி. அதையும் தேடி எடுத்து, நீங்களே பையில போட்டுக் குடுங்க பாய். நான் தொடக்கூடாது.